சிறு பலகையில் ஒரு வீட்டுச் சேவையகம்: கேள்வி – பதில்

கேள்வி: 4 ஜிபி நினைவகம் கொண்ட ராஸ்பெர்ரி பை 4 என்னும் கையளவுக் கணினிப் பலகை ஒன்று இரண்டு ஆண்டுகளாக என்னிடம் பெட்டியிலேயே கிடக்கிறது. குடும்பத்தின் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வைத்துக்கொள்ளும் சேவையகமாக அதை மாற்ற நினைக்கிறேன். இந்தச் சிறு பலகை தாங்குமா? பழைய மேசைக் கணினியே போதுமே என்கிறான் என் மகன்.

பதில்: தாராளமாகத் தாங்கும். 2019-இல் வந்த பை 4-இல்தான் முழு வேகக் கிகாபிட் (நொடிக்கு 1,000 மெகாபிட்) நெட்வொர்க் இணைப்பும் யூ.எஸ்.பி. 3 துளைகளும் ஒருங்கே அமைந்தன. அதற்கு முந்தைய 3பி பிளஸ் மாதிரியில் நெட்வொர்க் இணைப்பு யூ.எஸ்.பி. 2 வழியாகவே சென்றதால், பெயரளவில் கிகாபிட்டாக இருந்தும் அது நொடிக்கு ஏறத்தாழ 300 மெகாபிட்டைத் தாண்டியதில்லை. போதாக்குறைக்கு, டிஸ்க்கும் அதே பாதையில்தான் போய்வர வேண்டியிருந்தது.

உங்கள் மகன் சொல்வதிலும் தவறில்லை. மேசைக் கணினியும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் சேவையகம் என்பது ஆண்டின் 8,760 மணி நேரமும் விழித்திருக்க வேண்டிய ஒன்று. சராசரியாக 5 வாட் இழுக்கும் பலகைக்கு ஆண்டுக்குச் சுமார் 44 யூனிட் மின்சாரம் போதும். 60 வாட் இழுக்கும் மேசைக் கணினிக்கோ 525 யூனிட்டுக்கு மேல் ஆகும். கோப்புகளைப் பகிரும் சாம்பா, விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல், புகைப்படங்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட் ஆகியவற்றை இந்தப் பலகை அலுக்காமல் ஓட்டும். காணொளியை ஒரு வடிவத்திலிருந்து வேறொரு வடிவத்துக்கு உடனுக்குடன் மாற்றி அனுப்பும் வேலையை மட்டும் அதன் தலையில் கட்டாதீர்கள். 2023-இல் வந்த பை 5 வேகம் மிகுந்தது என்றாலும், காணொளிக் குறியாக்கத்துக்கென வன்பொருளில் இருந்த தனிப் பகுதி அதில் கிடையாது.

கேள்வி: இதற்கென்று திரையும் விசைப்பலகையும் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இயங்குதளத்தைக் கார்டில் எழுதித் தரும் ராஸ்பெர்ரி பை இமேஜரிலேயே பயனர் பெயர், கடவுச்சொல், வேறொரு கணினியிலிருந்து நுழைந்து கட்டளையிட உதவும் எஸ்.எஸ்.எச். முறைக்கான அனுமதி மூன்றையும் முன்கூட்டியே குறித்துவிடலாம். பழைய குறிப்புகளை நம்பி 'பை' என்ற பெயரிலும் 'ராஸ்பெர்ரி' என்ற கடவுச்சொல்லிலும் நுழையப் பார்க்காதீர்கள். அந்த இயல்புக் கணக்கு 2022 ஏப்ரலிலேயே நீக்கப்பட்டுவிட்டது. வரைகலை முகப்பு இல்லாத 'லைட்' பதிப்பே போதும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பலகைக்கென்று ஓர் ஐ.பி. முகவரியை (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்ணை) ஒதுக்கிவிட்டால், ஒவ்வொரு முறையும் அதைத் தேடி அலைய வேண்டியிராது.

கேள்வி: நான் அமைத்த சேவையகம் பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது. ஆறு மாதங்களில் இரண்டு மெமரி கார்டுகள் கெட்டுவிட்டன. கைபேசி சார்ஜரைத்தான் பயன்படுத்துகிறேன்; யூ.எஸ்.பி. துளையில் கையடக்க ஹார்ட் டிஸ்க் ஒன்று இணைந்திருக்கிறது. நகலெடுக்கும்போது பை 4-இன் சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிகிறது. அது வேலை நடப்பதன் அடையாளம் என்று எண்ணுகிறேன். மென்பொருளை மூன்று முறை புதிதாக நிறுவியும் பயனில்லை. எங்கே பிழை?

பதில்: விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வேலை நடப்பதைக் காட்டுவது பச்சை விளக்கு. சிவப்பு விளக்கு மின்சாரத்துக்கானது. அது சீராக எரிய வேண்டும், மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மட்டுமே அணையும். ஆகவே, மூன்று முறை நீங்கள் புதிதாக நிறுவிய மென்பொருளின் மீது குற்றமில்லை. பலகைக்குப் போதிய மின்சாரம் கிடைக்கவில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் பதிவுகளில் 'அண்டர்வோல்டேஜ் டிடெக்டட்' என்ற வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

சார்ஜரின் மேல் 5 வோல்ட் என்று அச்சிட்டிருப்பது சார்ஜரின் வாயில் கிடைக்கும் அழுத்தம். பலகையை வந்தடையும் அழுத்தம் அன்று. இடையிலுள்ள மெல்லிய கேபிளின் மின்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொண்டால், 2 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் வழியிலேயே கரைந்து 4.6 வோல்ட்தான் மிஞ்சும். பை 4-க்கென விற்கப்படும் மின்வழங்கி 5.1 வோல்ட், 3 ஆம்பியர் என்று சற்றே உயர்த்தி அமைக்கப்பட்டிருப்பதும், அதன் கேபிள் கழற்ற முடியாதபடி பிணைக்கப்பட்டிருப்பதும் வெறும் வணிகத் தந்திரமல்ல. இன்னொன்று, பை 4-இன் நான்கு யூ.எஸ்.பி. துளைகளும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும். கையடக்க ஹார்ட் டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் நொடியில் ஏறத்தாழ 1 ஆம்பியரைக் கேட்கக்கூடும் என்பதால், தனி மின்சாரம் கொண்ட யூ.எஸ்.பி. ஹப்பின் வழியே அதை இணைப்பது நல்லது.

கார்டுகள் கெட்டதும் இதனோடு தொடர்புடையதுதான். ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதியதன் மேலேயே திருப்பி எழுத முடியாது. ஒரு தொகுதியை முழுவதுமாக அழித்த பிறகே புதிதாக எழுத இயலும். எனவே நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் ஒரு வரி சேர்வதற்கும்கூடக் கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு தகவல்களை இடம்மாற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த இடம்மாற்றத்தின் நடுவே மின்சாரம் தடுமாறினால், எது எங்கே இருக்கிறது என்ற கணக்கே குலைந்து கார்டு முழுவதும் படிக்க இயலாததாகிவிடலாம். முதலில் மின்வழங்கியை மாற்றுங்கள். பிறகு பலகையைத் தொடக்கிவைக்கும் சிறு நிரலான பூட்லோடரைப் புதுப்பித்து, இயங்குதளத்தை யூ.எஸ்.பி. வழியே இணைத்த எஸ்.எஸ்.டி.யிலிருந்து (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) தொடங்கச் செய்யுங்கள். மூன்றாவது கார்டு வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோப்புகளை வைக்கும் டிஸ்க்கை லினக்ஸுக்குரிய ஈ.எக்ஸ்.டி.4 முறையில் வடிவமைத்து, எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்.எஸ்.டேப் கோப்பில் அதன் தனி அடையாள எண்ணைக் கொண்டு குறிப்பிடுங்கள்; 'நோஃபெயில்' என்ற விருப்பத்தையும் சேர்த்தால், டிஸ்க் இல்லாதபோதும் பலகை தொடங்கும். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு, நானே அதில் விழுந்திருக்கிறேன். டிஸ்க் இணையாத நாளில், அது அமர வேண்டிய கோப்புறை வெறுமையாக நிற்கும்; நகலெடுக்கும் நிரலோ அதை அறியாமல் அத்தனையையும் இயங்குதளம் இருக்கும் கார்டிலோ எஸ்.எஸ்.டி.யிலோ உள்ள அந்த வெற்றுக் கோப்புறைக்குள் கொட்டும். என் கார்டு நிரம்பிச் சேவையகம் முடங்கிய பிறகுதான், இரண்டு வாரக் கோப்புகள் டிஸ்க்குக்குப் போகவே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே எழுதத் தொடங்குமாறு நிரலை அமையுங்கள்.

கேள்வி: வெளியூரில் இருக்கும்போதும் கோப்புகளைப் பார்க்க வேண்டும். ரவுட்டரில் போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை) திறந்துவிட்டால் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். சாம்பாவை இணையத்துக்கு நேராகத் திறந்துவைக்கவே கூடாது. எஸ்.எஸ்.எச். போர்ட்டைத் திறந்தால், கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் சில மணி நேரத்திலேயே கதவைத் தட்டத் தொடங்கிவிடும். பதிவேட்டைத் திறந்து பார்த்தால் நீங்களே காணலாம். 2016-இல் மிராய் என்னும் தீநிரல் பெருந்தொகையான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது எந்த நுட்பத்தாலும் அல்ல, மாற்றப்படாத இயல்புக் கடவுச்சொற்களை வரிசையாக முயன்று பார்த்துத்தான்.

வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பான தனிவழி தரும் வயர்கார்டு என்னும் வி.பி.என். முறையை அமைத்துக்கொள்ளுங்கள். 2020-இல் வந்த 5.6 பதிப்பு முதல் அது லினக்ஸ் கர்னலிலேயே இடம்பெற்றிருக்கிறது. அதற்கும் ஒரே ஒரு யூ.டி.பி. போர்ட்டைத் திறக்கத்தான் வேண்டும். ஆனால் உரிய சாவி இல்லாத எவருக்கும் அது மறுமொழியே தராது என்பதால், துழாவுவோருக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. தொடங்கும் முன் ரவுட்டரின் வெளிப்புற முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை இணையச் சேவையாளர் பலருக்குப் பகிர்ந்து தந்திருக்கிறார் என்று பொருள். அப்போது போர்ட்டைத் திறந்தும் பயனில்லை, புதிய முகவரி முறையான ஐ.பி.வி6 வழியையோ, வயர்கார்டின் மேல் கட்டப்பட்ட டெயில்ஸ்கேல் போன்ற சேவையையோ நாட வேண்டும்.

கேள்வி: இரண்டு டிஸ்க்குகளில் ஒரே நேரத்தில் பதிவாகும்படி ரெய்டு 1 அமைத்திருக்கிறேன். இனியும் காப்புநகல் தேவையா?

பதில்: தேவை. ரெய்டு 1 ஒரு கண்ணாடி. ஒரு டிஸ்க் பழுதானாலும் சேவை நிற்காமல் காக்கும், ஆனால் நீங்கள் கைதவறி அழித்த கோப்புறையை மற்ற டிஸ்க்கிலும் அதே நொடியில் அழித்துவிடும். ரெஸ்டிக் போன்ற கருவியால், சேவையகத்தோடு நிரந்தரமாக இணைந்திராத வேறொரு டிஸ்க்குக்கு நாள்தோறும் அல்லது வாரந்தோறும் நகலெடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு கோப்புறையை வேறு கணினியில் மீட்டெடுத்துத் திறந்தும் பாருங்கள். ரெஸ்டிக் நகல்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை என்பதால், கடவுச்சொல் தொலைந்தால் அவற்றைத் திறக்க வழியே கிடையாது. அந்தக் கடவுச்சொல்லைச் சேவையகத்துக்குள்ளேயே ஒரு கோப்பில் மட்டும் எழுதிவைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதைத் தாளில் எழுதி வேறோர் இடத்தில் வையுங்கள்.