கொள்கை குழம்பும்போது டீசல் எங்கே போகிறது? – கேள்வி பதில்

ஆய்வு மாணவர்: பொருளாதாரக் கொள்கை நிச்சயமின்மையை எப்படி அளப்பது? கட்டுமான நிறுவனங்களின் ஆற்றல் பயன்பாட்டோடு அதை எப்படிப் பொருத்துவது?

அரசின் வரியும் விதிகளும் செலவுகளும் எப்படி மாறும் என்று தெரியாத நிலையைத்தான் இப்படிச் சொல்கிறோம். அதை அளக்கப் பரவலாகப் பயன்படுவது ஸ்காட் பேக்கர், நிக்கோலஸ் புளூம், ஸ்டீவன் டேவிஸ் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் உருவாக்கிய குறியீடு. அதை விளக்கும் கட்டுரை 2016இல் வெளிவந்தது. பொருளாதாரம், நிச்சயமின்மை, கொள்கை என்ற மூன்று வகைச் சொற்களும் ஒருசேர இடம்பெறும் செய்திகளை அமெரிக்காவின் 10 பெரிய நாளிதழ்களில் எண்ணுகிறார்கள். 1985 முதல் 2009 வரையிலான சராசரியை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். இதே முறையில் வேறு பல நாடுகளுக்கும் குறியீடு உண்டு.

மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான் வருகிறது. ஒரு நாட்டுக்கு ஒரு மாதத்தில் ஒரே எண்தான். எல்லா நிறுவனங்களுக்கும் அதுவே. ஒவ்வொரு மாதத்திலும் எல்லோருக்கும் பொதுவான மாற்றங்களைப் பிடிக்கும் காலத்துக்கான மாறிகளைப் புள்ளியியல் மாதிரியில் சேர்த்தவுடன் குறியீட்டின் விளைவு அவற்றுக்குள் மறைந்துவிடும். அரசுப் பணிகளை நம்பியிருக்கும் நிறுவனம், தனியார் பணிகளை நம்பியிருக்கும் நிறுவனம் என்று பிரித்து, எது அதிகம் பாதிக்கப்படுகிறது என்று பாருங்கள். விடை அங்கேதான் கிடைக்கும். மந்தநிலையும் நிச்சயமின்மையும் சேர்ந்தே வரும் என்பதால், தேவை சரிந்ததன் விளைவைக் கொள்கையின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

தளப் பொறியாளர்: வரி மாறுமா, டெண்டர் நிற்குமா என்று தெரியாத மாதங்களில் எங்கள் டீசல் செலவு குறைகிறது. ஆனால் வேலை குறைந்த அளவுக்குக் குறைவதில்லை. ஏன்?

இந்தத் தலைப்பின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். தளத்தில் வேலை பாதியானாலும் சில செலவுகள் பாதியாவதில்லை. அடித்தளக் குழியில் ஊறும் நீரை இறைத்தே ஆக வேண்டும். இரவு விளக்கு, காவல், அலுவலகக் கொட்டகை எல்லாம் அப்படியே இருக்கும். முழு வேலைக்கென்று தேர்ந்தெடுத்த ஜெனரேட்டர் குறைந்த சுமையில் ஓடும். அப்போது ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் கூடுதல் டீசல் எரியும். கொள்திறனில் 30 சதவீதத்துக்கும் கீழே நீண்ட நேரம் ஓடினால் எஞ்சினில் எரியாத எரிபொருளும் கரியும் படியும்.

ஒரு கற்பனைக் கணக்கு. தளத்தின் நிலையான செலவு மாதத்துக்கு 3,000 லிட்டர். கட்டும் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 7 லிட்டர். 1,000 சதுர மீட்டர் கட்டினால் 10,000 லிட்டர், அதாவது சதுர மீட்டருக்கு 10. வேலை 500 சதுர மீட்டராகக் குறைந்தால் 6,500 லிட்டர், சதுர மீட்டருக்கு 13. மொத்தம் 35 சதவீதம் இறங்கியது. செறிவு, அதாவது ஒரு சதுர மீட்டருக்கான செலவு, 30 சதவீதம் ஏறியது. மொத்தத்தையும் செறிவையும் ஒருபோதும் கலக்காதீர்கள்.

சுற்றுச்சூழல் ஆர்வலர்: எப்படியோ மொத்தம் குறைகிறதே. அப்படியானால் நிச்சயமின்மை பூமிக்கு நல்லதுதானே?

இல்லை. நின்றுபோன கட்டடம் பெரும்பாலும் கைவிடப்படுவதில்லை, தள்ளிப்போடப்படுகிறது. டவர் கிரேனைக் கழற்றி அனுப்பி, மீண்டும் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். துருவேறிய கம்பிகளைச் சுத்தம் செய்ய வேண்டும், சிலவற்றை மாற்ற வேண்டும். ஒரே கட்டடத்துக்கு இரண்டு முறை ஆற்றல் செலவாகிறது.

அதே ஆர்வலர்: ஆனால் சில கட்டடங்கள் என்றுமே கட்டப்படாமல் போகுமே. அந்தச் சேமிப்பு உண்மையல்லவா?

உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே காலத்தில் எதுவெல்லாம் வாங்கப்படாமல் போகிறது என்றும் பாருங்கள். திரும்பப் பெற முடியாத முதலீட்டைத் தள்ளிவைப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு என்று பொருளாதார அறிஞர் பென் பெர்னாங்கே 1983இலேயே விளக்கினார். எரிபொருள் குறைவாகக் குடிக்கும் புதிய எக்ஸ்கவேட்டர் அப்படிப்பட்ட முதலீடுதான். வாங்குவது தள்ளிப்போனால் பழைய இயந்திரமே இன்னும் பல ஆண்டுகள் ஓடும். நிச்சயமின்மை விலகி வேலை சூடுபிடிக்கும்போது அந்தப் பழைய இயந்திரம்தான் முழு வேகத்தில் டீசலைக் குடிக்கும். அந்த ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

துணை ஒப்பந்ததாரர்: நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் சொந்தமாக வாங்குவதில்லை, வாடகைக்குத்தான் எடுக்கிறோம். எங்களுக்கு இந்த வாதம் பொருந்துமா?

நல்ல குறுக்கீடு. வாடகை நெகிழ்ச்சியைத் தரும். வேலை குறைந்தால் திருப்பி அனுப்பிவிடலாம், நிலையான செலவு குறையும். ஆனால் புதிய இயந்திரம் வாங்கும் முடிவு வாடகை நிறுவனத்தின் கைக்குப் போய்விடுகிறது. அவர்களும் அதே நிச்சயமின்மைக்குள்தான் இருக்கிறார்கள். மேலும், டீசலுக்குப் பணம் கொடுப்பவர் நீங்கள் என்றால், சிக்கனமான இயந்திரம் வாங்க அவர்களுக்கு அவசரமில்லை. ஆர்வலர் நண்பருக்கும் இதுவே என் பதில்: சேமிப்பு யாருக்கு, முடிவு யாருடையது என்று பாருங்கள்.

முதுநிலை மாணவி: சிமென்ட் ஆலையின் ஆற்றலும் கட்டுமான நிறுவனத்தின் கணக்கில் சேருமா?

நிறுவனத்தின் நேரடிப் பயன்பாட்டில் சேராது. அரைத்துச் சிமென்டாக்கப்படும் கிளிங்கர் கட்டிகள் ஏறக்குறைய 1,450 டிகிரி செல்சியஸில் சுடப்படுகின்றன; அந்த எரிபொருள் ஆலையின் கணக்கு. கட்டடத்தின் முழு ஆற்றலைக் கணக்கிடும்போது மட்டும் சேருங்கள். எந்த எல்லைவரை கணக்கிடுகிறீர்கள் என்பதை ஆய்வின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒருவர்: சுருக்கமாகச் சொல்லுங்கள், ஆற்றல் பயன்பாடு கூடுமா குறையுமா?

மேலே உள்ள 3,000 லிட்டர் கணக்கைப் படியுங்கள்.

இன்னொருவர்: நிச்சயமின்மையால் ஆற்றல் செலவு குறையும் என்று கேள்விப்பட்டேன், சரியா?

எந்த ஆற்றல் செலவு? மொத்தமா, செறிவா? அதைச் சொல்லாமல் கேட்டால் இனி பதில் தர மாட்டேன்.

வீட்டு உரிமையாளர்: என் வீட்டுக் கூரையில் சூரியத் தகடு போடலாமா?

இது என் துறை அல்ல. மின் பொறியாளர் ஒருவரிடம் கேளுங்கள்.

சிறு நிறுவன உரிமையாளர்: கொள்கை தெளியும்வரை நாங்கள் என்னதான் செய்வது?

பணம் குறைவாகத் தேவைப்படுவதிலிருந்து தொடங்குங்கள். வேலை குறைந்த மாதத்தில் பெரிய ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுச் சிறியதை வாடகைக்கு எடுங்கள். ஓட்டுநர் இறங்கிய பின்னும் எஞ்சின் ஓடுகிறதா என்று பாருங்கள். இப்படிச் சும்மா எரியும் ஒவ்வொரு லிட்டர் டீசலும் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஓடிய மணி, ஊற்றிய லிட்டர், முடித்த வேலை ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதிவையுங்கள். மூன்று மாதக் குறிப்பு சேர்ந்ததும் அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.