சீன மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் ஆங்கில இலக்கணத்தையும் சொல்வளத்தையும் எப்படிச் சோதிப்பது?

ஆய்வுப் படிப்புக்காகச் சீன மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஓர் ஆங்கிலத் தேர்வு வைக்கப் போவதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இலக்கணம், சொல்வளம் இரண்டும் அதில் வர வேண்டும் என்கிறீர்கள். கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "இவர்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்கிறவர்கள்தானே, பேசவும் வராது, இலக்கணத் தேர்வு வைத்து என்ன தெரிந்துவிடப் போகிறது?"

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அதே சொல்லை என் மேலும் எறிந்திருக்கிறார்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஆசிரியை இல்லை. கரூர்க்காரி, தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், துணி வேலையில் இருப்பவள். 2014 முதல் 2019 வரை சீனாவின் செஜியாங் மாகாணத்தில், ஷாவ்சிங் நகரத்தைச் சேர்ந்த கேச்சியாவ் என்ற ஊரில் இருந்தோம். பெரிய துணிச் சந்தை இருக்கும் ஊர், நம் ஆட்களும் நிறையப் பேர் உண்டு. கப்பலில் ஏற்றும் முன் துணியின் தரம் பார்ப்பது என் வேலை. நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு மேல்மாடியில் வீட்டுக்கார அம்மாவும் அவர் மகளும் இருந்தார்கள். அந்தப் பெண் மேல்நிலைப் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தாள், சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வருவாள். அம்மா வயதுப் பெண்களை அங்கே பிள்ளைகள் 'ஆயீ' என்று கூப்பிடுவார்கள். எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவளை அம்மாயி என்போம். காதில் அதே சாயல் விழுந்ததாலோ என்னவோ, அவள் கூப்பிட்ட முதல் நாளே மனசு ஒட்டிக்கொண்டது.

2017 கடைசியில் ஒரு சனிக்கிழமை, அவள் பதினொன்றாம் வகுப்பு. கையில் ஒரு மாதிரித் தாளோடு கீழே இறங்கி வந்தாள். 'காவ்காவ்' என்கிற அவர்களுடைய கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி. நாடு முழுவதும் ஜூன் 7 அன்று தொடங்குகிற தேர்வு, பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மதிப்பெண், அதில் ஆங்கிலத்துக்கு மட்டும் 150. அவள் கொண்டுவந்த பக்கத்தில் சுமார் இருநூறு சொல்லில் ஒரு கட்டுரை, அதில் பத்துக் கோடிட்ட இடங்கள். ஏழு இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு மூலச்சொல் இருக்கும், அதைச் சரியான வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மூன்று இடத்தில் ஒன்றுமே இருக்காது. 'எ', 'தி' மாதிரி ஒன்றோ, 'இன்', 'ஃபார்' மாதிரி ஒன்றோ, இணைப்புச் சொல்லோ நாமாகப் போட வேண்டும்.

"ஆயீ, நீங்களும் போடுங்க" என்று இன்னொரு தாளை என் பக்கம் தள்ளினாள். அவள் எட்டே நிமிடத்தில் முடித்துவிட்டாள். நான் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டேன். அவளுக்குப் பத்துக்குப் பத்து, எனக்கு ஏழு.

'வேர்' (where) என்று வர வேண்டிய இடத்தில் நான் 'விச்' (which) என்று எழுதியிருந்தேன். ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று கேட்டாள். காதுக்குச் சரியாக இருந்தது என்றேன். வெளிநாட்டுக்காரர்களோடு தினமும் ஆங்கிலத்தில் பேசி வேலை பார்க்கிறவள் நான். அதற்கு மேல் காரணம் சொல்லத் தெரியவில்லை. அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். ஒரே மாதிரி இரண்டு வாக்கியங்கள். ஒன்று 'நான் படித்த பள்ளி', இன்னொன்று 'நான் பார்த்த பள்ளி'. ஆங்கிலத்தில் முதலாவதுக்கு 'வேர்', இரண்டாவதுக்கு 'விச்'. பார்த்த என்னும்போது எதைப் பார்த்தாய் என்ற இடம் காலியாக இருக்கிறது, அந்த இடத்தைப் பள்ளி நிரப்புகிறது. படித்த என்னும்போது பள்ளி அந்த இடத்தை நிரப்பவில்லை, படிப்பு நடந்த இடமாக மட்டும் நிற்கிறது. இதைப் பென்சிலால் அம்புக்குறி போட்டு எனக்கு விளக்கினாள்.

அதன் கீழே அதையே சீனத்தில் எழுதியிருந்தாள். 'வோ தூஷூ த ஷுயேஷியாவ்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் நான், படி, த, பள்ளி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நம் தமிழேதான்! நாமும் பள்ளியைக் கடைசியில்தான் வைக்கிறோம், வருணனை முழுவதும் முன்னால் வந்துவிடுகிறது. 'படித்த', 'பார்த்த' இரண்டும் ஒரே அச்சு. அங்கேயும் அப்படியே, 'த' என்ற ஒரே எழுத்து இரண்டுக்கும் போதும். 'வேர்', 'விச்' என்ற வித்தியாசம் அவர்கள் மொழியிலும் கிடையாது, நம் மொழியிலும் கிடையாது. இல்லாத ஒன்றை ஒரு பதினேழு வயதுப் பெண் வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறாள். இதை மனப்பாடம் என்று எப்படிச் சொல்வது?

மனப்பாடம் அங்கே இல்லை என்று சொல்லவில்லை, அதற்கும் ஆட்கள் வந்து சண்டை போடுவார்கள். நிறையவே இருக்கிறது. 3500 சொற்கள் என்று ஒரு கையடக்கப் புத்தகம் எல்லாப் பிள்ளைகளிடமும் இருந்தது. புதிய பாடத்திட்டப் பட்டியலில் சுமார் 3000 சொற்கள்தான், ஆனால் 3500 என்ற எண் வாயில் ஊறிப்போய்விட்டது. அகரவரிசையில் முதல் பக்கத்திலேயே 'அபாண்டன்' வந்துவிடும், கைவிடு என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை அறியாத சீன மாணவர் கிடையாது. காலையில் வகுப்பு தொடங்கும் முன் எழுந்து நின்று சத்தமாக வாசிப்பார்கள், இரவிலும் பத்து மணி வரை பள்ளியிலேயே படிப்பு. கையெழுத்துக்குக்கூடப் பயிற்சி உண்டு. ஹெங்ஷுய் பாணி என்று அச்சு போலவே உருண்டையாக எழுதுவார்கள், விடைத்தாளைக் கணினித் திரையில் திருத்துவதால். கடிதம் எழுதச் சொல்லும் கேள்வியில் எப்போதும் 'நீங்கள் லீ ஹுவா என்று வைத்துக்கொள்ளுங்கள்' என்றுதான் ஆரம்பிக்கும், அதற்கென்று மனப்பாடம் செய்து வைத்த வாக்கியங்களும் உண்டு.

ஆனால் கோடிட்ட இடக் கட்டுரை ஒவ்வோர் ஆண்டும் புதிது, பாடப்புத்தகத்திலிருந்து வராது. ஊருக்குத் திரும்பிய பிறகும் ஒவ்வொரு ஜூனிலும் அந்தத் தாளைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்க்கிறேன். 'புதிய தேசியத் தாள் 1' என்ற தாளில் 2021இல் ஹுவாங்ஷான் மலை, 2022இல் பாண்டாக்களுக்கான தேசியப் பூங்கா, 2023இல் உள்ளே சூப் நிறைத்து ஆவியில் வேகவைக்கும் சியாவ்லோங்பாவ் என்ற பலகாரம். இதில் எதைப் போய் மனப்பாடம் செய்வது? எங்கள் காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம் இரண்டு தாள், 200 மதிப்பெண். கைடில் இருந்த கட்டுரையை எழுத்துப் பிசகாமல் எழுதினோம், மதிப்பெண்ணும் போட்டார்கள். எங்களையும் அந்தப் பிள்ளைகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

சரி, என் மேல் எறிந்த கதை. கல்லூரி முடித்து சென்னையில் ஒரு நிறுவனத்தில் நேர்முகத்துக்குப் போனேன். எழுத்துத் தேர்வில் என் பெயர் மேலே இருந்தது. பேசச் சொன்னார்கள், யோசித்து யோசித்துப் பேசினேன். எதிரே இருந்தவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிராமரை மக் அப் பண்ணிட்டு வந்துடறாங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே. வேலை கிடைக்காதது இப்போது நினைவில்கூட வலிக்கவில்லை. எனக்குத் தெரிந்ததைத் தெரியவில்லை என்று ஆக்கியதுதான் இன்னும் ஆறவில்லை. பேச்சு வேறு திறமை, அது பேசப் பேச வரும், எனக்கு கேச்சியாவில் ஆறு மாதத்தில் வந்தது. பேச வரவில்லை என்பதால் இலக்கணம் தெரியாது என்று ஆகிவிடுமா? இலக்கணம் தெரிந்ததால்தான் எனக்குப் பேச்சு அவ்வளவு சீக்கிரம் வந்தது என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். சீனாவில் என் தோழி ஒருத்தி, ஆங்கிலத்தில் எம்.ஏ., பி.எட்., பதினைந்து வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவள். ஒரு பயிற்சி மையத்தில் தொலைபேசியில் பேசியபோது உடனே வரச் சொன்னார்கள். வீடியோவில் முகத்தைப் பார்த்ததும் பிறகு சொல்கிறோம் என்றார்கள், அந்தப் பிறகு வரவே இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் நாட்டின் குடிமக்கள்தான் ஆங்கில ஆசிரியராக வரலாம் என்று பொதுவாக விதி இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'வேர்', 'விச்' வித்தியாசம் எங்கே சிக்கும் என்று, அந்தச் சிக்கலைத் தானே கடந்து வந்த தமிழ் பேசும் ஓர் ஆங்கில ஆசிரியைக்குத் தெரிகிற அளவு, பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுகிறவருக்குத் தெரியாது. அவரும் காதுக்குச் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்வார்.

இப்போது உங்கள் தேர்வு. தனித்தனி வாக்கியம் கொடுத்து நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். அந்த மாதிரிக் கேள்வியைத் தேசியத் தாளே 2014இல் எடுத்துவிட்டது. கட்டுரை கொடுத்து கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லுங்கள். எதைக் கேட்பது என்பதற்கு அவர்கள் மொழியையே பாருங்கள். சீன வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறாது, பன்மைக்கும் பெயர்ச்சொல் மாறாது, 'எ', 'தி' கிடையாது. அவன், அவள் இரண்டுக்கும் பேச்சில் ஒரே ஒலி, 'தா'. இந்தப் பெண் எழுதும்போது ஒருமுறைகூட அதில் தப்பு செய்ததில்லை, பேசும்போது தன் அம்மாவையே 'ஹி' என்பாள். ஆகவே எழுத்தில் சரியாக வந்தது பேச்சிலும் வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேச்சில் தவறுவதைப் பார்த்து எழுத்தில் தெரியாது என்றும் முடிவு கட்டாதீர்கள். உங்கள் ஆய்வில் இரண்டையும் தனியாக எழுதுங்கள்.

'ஆல்தோ' போட்டு ஆரம்பித்த வாக்கியத்தின் நடுவில் 'பட்' வருகிறதா என்று அவசியம் பாருங்கள். சீனத்தில் இரண்டையும் ஜோடியாகப் போடுவது வழக்கம். பிழை திருத்தச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள், சொந்தமாக எழுதச் சொன்னால் அதே பிழையைச் செய்வார்கள்.

சொல்வளத்துக்குச் சொல்லைக் கொடுத்து அர்த்தம் கேட்பது வீண், அந்த 3500ஐயும் சீனத்தில் சொல்லிவிடுவார்கள். சொல் எதோடு சேரும் என்று கேளுங்கள். விளக்கைப் போடு என்பதற்கு அவர்கள் 'ஓபன் தி லைட்' என்று எழுதுவார்கள், விளக்கைத் திற என்பதுதான் சீன வழக்கு. அவர்களுடைய தாளில் இதற்கு ஒரு நல்ல பகுதி இருக்கிறது. ஒரு கதை, இடையிடையே சொற்களை எடுத்திருப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. பெரும்பாலும் நான்குமே இலக்கணப்படி பொருந்தும். கதையில் வருகிறவரின் மனநிலை புரிந்தால்தான் எது சரி என்று தெரியும். இந்தப் பெண் எழுதிய காலத்தில் செஜியாங்கில் அதற்கு 20 கேள்வி, 30 மதிப்பெண். இப்போதைய தேசியத் தாளில் 15 கேள்வி, 15 மதிப்பெண்.

மதிப்பெண் போடும் முறையை முன்கூட்டியே எழுதி வையுங்கள், தேர்வு முடிந்த பிறகு மாற்றாதீர்கள். காரணம் இருக்கிறது. செஜியாங்கில் ஆங்கிலத்தை இரண்டு முறை எழுதி அதிக மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். அவள் முதல் முறை எழுதியது 2018 நவம்பர். அந்தத் தேர்வில் சில பகுதிகள் கடினமாக இருந்தன என்று சொல்லி, திருத்தி முடித்த பிறகு அந்தப் பகுதிகளின் மதிப்பெண்ணை ஒரு கணக்குப் போட்டு மாற்றினார்கள். நன்றாக எழுதியவர்களுக்கும் சுமாராக எழுதியவர்களுக்கும் இருந்த இடைவெளி சுருங்கிப் போனது. பெற்றோர்கள் கொதித்தார்கள், மாகாண அரசு விசாரித்தது, டிசம்பர் 5 அன்று அந்த முடிவு தவறு என்று அறிவித்து மூல மதிப்பெண்ணையே கொடுத்தார்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள் மேல்மாடியில் அடுப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் தினமும் ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டுக்கார அம்மா கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு, மகளின் அறைக் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்.

ஒரே ஒரு பெண்ணை வைத்து ஒரு நாட்டைப் பற்றி எழுதுகிறாய் என்று யாராவது சொல்வீர்கள். 2024இல் காவ்காவ் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் மட்டும் 1 கோடியே 34 லட்சம் பேர், அத்தனை பேரையும் நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதினேன்.

கடைசியாக ஒன்று. பத்து இடத்தையும் நிரப்பிய பிறகு, ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டு மூன்று விடைகளுக்காவது ஏன் என்று கேளுங்கள். சீனத்தில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள், மொழிபெயர்க்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாணவர்கள் எந்த மாகாணம் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். பெய்ஜிங், ஷாங்காய், தியான்ஜின் மூன்றுக்கும் தாள் வேறு, அவர்கள் பழகியிருக்கும் கேள்வி வகையும் வேறு.