வீடியோ எடிட்டிங்குக்கு எந்தக் கம்பியூட்டர்? முதலில் கேமரா ஃபைலைப் பாருங்கள்

கேள்வி: ஹட்டனில் கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, தேர்த் திருவிழா எல்லாவற்றுக்கும் போட்டோவும் வீடியோவும் எடுக்கிறேன். இரண்டு கேமராவிலும் 4கே, 10-பிட், 4:2:2, எச்.264, 140 எம்பிபிஎஸ்ஸில் பதிவு செய்கிறேன். பாவிப்பது வீடியோவுக்குப் பிரீமியர் புரோவும் போட்டோவுக்கு லைட்ரூமும். லேப்டாப்பில் டைம்லைன் இழுபடுகிறது. டெஸ்க்டாப் வாங்கலாம் என்றால் எல்லோரும் ஐ9 எடு என்கிறார்கள். அது சரியா?

பதில்: இன்டெலின் உயர்ரகப் புரொசஸரான ஐ9 எடுத்தாலும் இந்த ஃபைல் இழுபடலாம். உங்கள் சிக்கல் புரொசஸரின் வேகத்தில் இல்லை, கேமரா எழுதும் ஃபைலின் வகையில் இருக்கிறது.

எச்.264 என்பது வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை. அந்த ஃபைலில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. இடைவெளி விட்டு ஒரு முழு ஃபிரேம் இருக்கும். நடுவில் உள்ளவற்றில் என்ன மாறியது என்பது மட்டுமே பதிவாகியிருக்கும். டைம்லைனில் ஓரிடத்தில் கிளிக் செய்தால், கம்பியூட்டர் பின்னால் போய் முழு ஃபிரேமைப் பிடித்து அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும். இதற்கென்றே கிராபிக்ஸ் சிப்பில் தனிப் பகுதி உண்டு. சாதாரண 8-பிட் 4:2:0 ஃபைலை அது எளிதாகத் திறந்துவிடும். 10-பிட் என்றால் நிறச் சாயல்கள் கூடுதல், 4:2:2 என்றால் நிற விவரம் கூடுதல். 10-பிட் 4:2:2 எச்.264 என்றால் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக்கும் அதற்கு முந்திய கார்டுகளுக்கும் முடியாது. அப்போது முழுச் சுமையும் புரொசஸர் தலையில் விழுகிறது. இரண்டு கேமராவையும் சேர்த்து ஓடவிடும் மல்டிகேமில் போட்டால் சுமை இரட்டிப்பு.

இதை இப்போதே சோதித்துப் பாருங்கள். டைம்லைனை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியுவைத் திறந்தால் வீடியோ டிகோட் என்று ஒரு வரைபடம் இருக்கும். அது பூச்சியத்தில் படுத்திருக்க, சிபியு 90, 100 என்று நின்றால் காரணம் இதுதான். ஃபைல் வகை பற்றிச் சந்தேகம் இருந்தால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் போடுங்கள், பிட் ஆழமும் 4:2:2-ஆ 4:2:0-ஆ என்பதும் தெரியும்.

தீர்வு மூன்று உண்டு. முதலாவது, ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு. எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2-ஐத் திறக்கும் வசதி என்விடியாவில் இந்த வரிசையில்தான் வந்தது. பிரீமியரும் புதிய பதிப்பாக இருக்க வேண்டும், பழைய பதிப்பில் கார்டு சும்மா கிடக்கும். உங்கள் வேலைக்கு 16 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ பொருத்தம். அதே பெயரில் 8 ஜிபியிலும் விற்கிறார்கள், பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். 4கேயில் நிறத் திருத்தமும் நாய்ஸ் குறைப்பும் சேர்ந்தால் 8 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும்.

இரண்டாவது, கேமரா எச்.265இலும் எழுதுமானால் இன்டெலின் உள் கிராபிக்ஸ் கைகொடுக்கும். 11ஆம் தலைமுறையிலிருந்து அது 10-பிட் 4:2:2 எச்.265-ஐத் திறக்கிறது. ஆனால் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து வரும் புரொசஸரை எடுக்காதீர்கள். சில ஆயிரம் ரூபாய் குறைவு என்று கடையில் அதைத்தான் நீட்டுவார்கள். அதில் உள் கிராபிக்ஸே இல்லை.

மூன்றாவதற்குக் காசு வேண்டாம்: பிராக்ஸி, அதாவது வெட்டும்போது மட்டும் பாவிக்கும் இலகுவான நகல் ஃபைல். 1080 அளவில் புரோரெஸ் என்ற வகைப் பிராக்ஸியாக இரவில் மாற்றவிட்டுப் படுத்தால், காலையில் பழைய லேப்டாப்பிலும் வெட்டலாம். 25 ஃபிரேமில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 17 ஜிபி பிடிக்கும். மேடையில் மூன்று மணி நேரம் அசையாமல் நிற்கும் கேமராவுக்கு 4:2:2 தேவையும் இல்லை. அதை 8-பிட் 4:2:0இல் வைத்து, நிறம் திருத்த வேண்டிய காட்சிகளுக்கு மட்டும் 10-பிட் வையுங்கள்.

புரொசஸருக்கு கோர் அல்ட்ரா 7 265 அல்லது ஐ7-14700 தாராளம். இரண்டிலும் 20 கோர். 13, 14ஆம் தலைமுறை இன்டெலைப் பழசாக வாங்குவதானால் கவனம்: கூடுதல் மின்னழுத்தத்தால் சில புரொசஸர்கள் சீர்கெட்டன, 2024இல் இன்டெல் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. புதிதாக வாங்கினாலும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை முதல் நாளே புதுப்பித்துவிடுங்கள். ரேம் 32 ஜிபி, இரண்டு 16ஆக. நான்கு துண்டு போட்டால் டிடிஆர்5 வேகம் குறையும். 64 வேண்டுமானால் இரண்டு 32.

இடத்தைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். 140 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 63 ஜிபி. இரண்டு கேமரா, நான்கு மணி நேரம்: ஒரு கல்யாணமே 500 ஜிபியைத் தாண்டும். விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் 1 டிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி), நடப்பு வேலைக்குத் தனியாக 2 டிபி என்விஎம்இ, முடிந்தவற்றுக்கு 8 டிபி ஹார்ட்டிஸ்க். அந்த ஹார்ட்டிஸ்க்கின் பிரதி ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். தாலி கட்டும் காட்சியைத் திரும்ப எடுக்க முடியாது. எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பினால் எழுதும் வேகம் விழும், ஐந்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள்.

நம் ஊரில் கம்பியூட்டரைச் சாகடிப்பது பெரும்பாலும் கரண்ட்தான். கடையில் சேர்த்துக் கொடுக்கும் 650 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். மேலே சொன்ன கம்பியூட்டரும் மானிட்டரும் எக்ஸ்போர்ட் ஓடும்போது 400 வாட்டைத் தாண்டலாம். வெறுமனே இருக்கும்போது யுபிஎஸ் நன்றாக வேலை செய்யும், எக்ஸ்போர்ட் பாதியில் கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணையும். 1500 விஏ, 900 வாட், லைன் இன்டராக்டிவ், ப்யூர் சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள். லைன் இன்டராக்டிவ் ஏன் என்றால், மாலையில் தோட்டத்து லயன் வரிசை வீடுகள் முழுவதும் அடுப்பும் ஹீட்டரும் போடும் நேரத்தில் 230 வோல்ட் கீழே இறங்கும். சாதாரண யுபிஎஸ் ஒவ்வொரு தடவையும் பேட்டரிக்குத் தாவி, பேட்டரியைச் சீக்கிரம் தின்றுவிடும். லைன் இன்டராக்டிவ் பேட்டரியைத் தொடாமலே வோல்டேஜை உயர்த்திக் கொடுக்கும். எப்படியும் இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி மாற்ற வேண்டிவரும். பவர் சப்ளை 750 வாட், 80 பிளஸ் கோல்ட்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் அதிகம். சர்ஜ் புரொடெக்டர் எர்த் சரியாக இருந்தால்தான் பயன் தரும். பழைய லயன் வீடுகளில் எர்த் கம்பி பெயருக்கு இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் செய்யுங்கள். இடி கேட்டால் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, ரூட்டரிலிருந்து வரும் லேன் கேபிளையும் கழற்ற வேண்டும். அந்த வழியாக ஏறும் மின்சாரம் மதர்போர்டைக் கொண்டுபோய்விடும். மின்னலில் எரிந்ததற்கும் துருப்பிடித்ததற்கும் வாரண்டி உண்டா என்று பில் போடுமுன் கேளுங்கள்.

குளிரான ஊர் என்பது ஒரு வகையில் நல்லது. உங்கள் ஊரைவிட உயரத்தில், 1,868 மீட்டரில் உள்ள நுவரெலியாவில்கூடக் காற்று கொஞ்சம் மெலிவு என்றாலும், அறையின் குளிர்ச்சி அதை ஈடுகட்டும். லிக்விட் கூலர் தேவையில்லை, நல்ல ஏர் கூலர் போதும். ஈரம்தான் கெடுதல். பெட்டியைச் சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாளிலும் அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

மானிட்டர் 27 அங்குல ஐபிஎஸ், எஸ்ஆர்ஜிபி என்ற நிற வரம்பை முழுமையாகக் காட்டுவது. ஜன்னல் தேயிலை மலையைப் பார்த்திருந்தால் கனமான திரை போடுங்கள். பச்சை வெளிச்சம் அறைக்குள் விழுந்தால் கண் அதற்குப் பழகி, முகங்களின் நிறத்தைத் தவறாகத் திருத்தும். மூடுபனி விலகி வெயில் வரும்போது பிரைட்னஸைக் கூட்டினீர்களானால், திரையில் படம் வெளிச்சமாகத் தெரிய நீங்கள் அதைக் குறைப்பீர்கள், ஆல்பம் இருட்டாக வரும். திரையை அளந்து சரிசெய்யும் கலிபிரேட்டர் வைத்துப் பிரைட்னஸை 120 நிட்ஸுக்குள் பூட்டிவிடுங்கள். அரக்குப் பட்டின் மடிப்பு தெரியாமல் சிவப்பு அப்பிக்கிடந்தால், பிரிண்டுக்கு அனுப்புமுன் நிற அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பை மட்டும் பாருங்கள்.

கொழும்பில் பொருத்தி வாங்கினால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் கொண்டுவாருங்கள். கித்துல்கல வளைவுகளில் அதன் எடையே மதர்போர்டின் ஸ்லாட்டை உடைத்துவிடலாம். காசு கொடுக்குமுன் உங்கள் இரண்டு கேமரா கிளிப்பையும் பென் டிரைவில் கொண்டுபோய், கடையிலேயே அந்தக் கம்பியூட்டரில் மல்டிகேமில் ஓடவிட்டு, அந்த வீடியோ டிகோட் வரைபடம் எழும்புகிறதா என்று பாருங்கள்.