நிழலில் நிற்கும்போதும் பசுவின் மூக்கு விரிகிறதே?

கேள்வி: என் ஐந்து வயதுக் கலப்பினப் பசு தீனி நன்றாக எடுக்கிறது. காய்ச்சல் இல்லை. ஆனால் நிழலில் கட்டியிருக்கும்போதும் மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் மூக்குத் துவாரம் அகல விரிகிறது. இரவில் குறட்டை போலச் சத்தம் வருகிறது. மூக்கில் நல்லெண்ணெய் விடச் சொல்கிறார்கள். நுரையீரல் கோளாறாக இருக்குமோ? தினமும் குளத்தில் இறக்கித்தான் குளிப்பாட்டுகிறேன்.

பதில்: முதலில், எண்ணெய் விடவே விடாதீர்கள், ஐயா. அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். நல்ல மாட்டை இப்படி இழந்தவர்கள் உண்டு.

மாட்டின் மூக்கு மடல் மெத்தென்று இருக்கும். மூச்சை வேகமாக இழுத்தால் அந்தச் சதை உள்நோக்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுக்க, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் இழுப்பதற்கு ஒரு கணம் முன்பே மடலின் தசைகள் இறுகித் துவாரத்தை விரித்துப் பிடிக்கின்றன. மாடு நினைத்துச் செய்வதில்லை, அனிச்சையாகவே நடக்கிறது. மூச்சுப் பாதையில் இழுவை கூடினாலும், இரத்தத்தில் கரியமில வாயு ஏறினாலும் மூளைத்தண்டுக்குச் செய்தி போகிறது. அங்கிருந்து முக நரம்பு வழியாகக் கட்டளை வந்து மூக்கு இன்னும் விரிகிறது. வெயிலில் நடந்து வந்த மாட்டுக்கு இது இயல்பு. ஓய்வில் நிற்கும் மாட்டுக்கும் விரிந்தால், காற்று எங்கோ தடைபடுகிறது அல்லது போதவில்லை.

எங்கே என்று நீங்களே ஓரளவு பார்க்கலாம். விடியற்காலையில், மாடு அமைதியாக இருக்கும்போது, விலாவின் அசைவை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 முதல் 30 வரை சரி. பிறகு ஒரு பஞ்சு இழையைப் பிரித்து ஒவ்வொரு துவாரத்தின் முன்னும் பிடியுங்கள். ஒரு பக்கம் இழை நன்றாக ஆடி மறுபக்கம் சோம்பிக் கிடந்தால் அந்தப் பக்கம் அடைப்பு. மூச்சை விடும்போது வயிறு எக்கினால் நுரையீரலைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு பக்க மடல் மட்டும் அசையாமல், அதே பக்கத்துக் காதும் உதடும் தொங்கினால் முக நரம்பில் கோளாறு. இறுக்கமான முகக்கயிறு கன்னத்தை அழுத்தினாலும் மடலும் உதடும் இப்படி ஆகலாம்.

நீங்கள் சொல்லும் குறட்டையும் குளமும் சேர்ந்து எனக்கு வேறொன்றை உணர்த்துகின்றன: மூக்கில் வரும் தட்டைப்புழு நோய். குறட்டை நோய் என்றும் சொல்வார்கள். ராவ் என்ற சென்னை மாகாண ஆய்வாளர் 1933-இல் விவரித்த புழு இது. மூக்குச் சவ்வின் இரத்தக் குழாய்களில் வாழ்கிறது. அதன் முட்டைகளைச் சுற்றிப் பூக்கோசு போலச் சதை வளர்ந்து வழியை அடைக்கும். சளியில் இரத்தக் கீற்றும் வரலாம். குளத்து நத்தையில் வளர்ந்த இளம்புழு, தண்ணீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது.

கால்நடை மருத்துவமனைக்கு மாட்டையும், சுத்தமான சிறு பாட்டிலில் கொஞ்சம் மூக்குச் சளியையும் கொண்டு போங்கள். முட்டை இருந்தால் நுண்ணோக்கியில் தெரிந்துவிடும். அதற்கு மருந்து உண்டு, ஆனால் மருத்துவர் கையால்தான் போட வேண்டும். முடிவு தெரியும் வரை குளத்தில் இறக்காமல், கிணற்று நீரைத் தொட்டியில் ஊற்றிக் குடிக்கக் கொடுங்கள். குளிப்பாட்டுவதும் கரையில், கிணற்று நீரிலேயே இருக்கட்டும்.