பிரிட்டிஷ் ராக் குழுவான ரேடியோஹெட்டின் ‘கிட் ஏ’ ஆல்பம் வந்தபோது விமர்சகர்கள் ஏன் இரண்டாகப் பிரிந்தார்கள்?

1997-ல் வந்த இவர்களின் முந்தைய ஆல்பம் ‘ஓகே கம்ப்யூட்டர்’ கிட்டார் ராக்கின் உச்சம் என்று கொண்டாடப்பட்டது. அதே பாணியில் இன்னொன்றுக்குக் காத்திருந்தவர்களுக்கு 2000 அக்டோபரில் கிடைத்ததோ வேறு. முதல் பாட்டைப் போட்டுப் பாருங்கள்: கிட்டாரே கிடையாது. கீபோர்டு ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். பாடகர் தாம் யார்க்கின் குரலைத் துண்டுதுண்டாக வெட்டி, அதையே ஒரு வாத்தியமாக்கியிருப்பார்கள்.

வேண்டுமென்றே புரியாமல் செய்கிறார்கள், உணர்ச்சியே இல்லை என்று பிரிட்டிஷ் விமர்சகர்கள் சிலர் காய்ச்சி எடுத்தார்கள். ஆனாலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம், 2001-ல் கிராமி விருது. பின்னாளில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை இதையே அந்தப் பத்தாண்டின் சிறந்த ஆல்பம் என்றது.

உணர்ச்சியே இல்லை என்ற குற்றச்சாட்டை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. நான்காவது பாட்டின் கடைசியில் வயலின்கள் ஏறி, சுருதி குலைந்து, மறுபடி கூடும் இடம் ஒன்று போதும்.