லோபாகின் வேடம் யாருக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

'செர்ரித் தோட்டம்' நாடகத்தில் யார் எந்த வேடம் ஏற்க வேண்டும் என்று ரஷ்ய எழுத்தாளர் செகாவ் கருங்கடலோர ஊரான யால்டாவிலிருந்து எழுதிய கடிதங்களைப் படித்தேன். எழுதி முடித்தபின் நடிகர் தேர்வை இயக்குநரிடம் விட்டுவிடுவதுதானே முறை? அவர் ஏன் இவ்வளவு வற்புறுத்தினார்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

1903 அக்டோபரில் பிரதி மாஸ்கோ கலை அரங்குக்குச் சென்றபோது செகாவ் காசநோயுடன் யால்டாவில் இருந்தார்; டிசம்பரில்தான் அவரால் மாஸ்கோ செல்ல முடிந்தது. அதுவரை கடிதங்களே அவருக்கு வழி.

நீங்கள் வற்புறுத்தல் என்று காண்பதை நான் நாடகத்துக்கு அவரே எழுதிய உரையாகப் படிக்கிறேன். தாம் எழுதியது நகைச்சுவை நாடகம் என்றார் செகாவ். அரங்கின் இயக்குநரும் நடிகருமான ஸ்தனிஸ்லாவ்ஸ்கியோ படித்து அழுததாகவும், இது துன்பியல் நாடகமே என்றும் அவருக்கு எழுதினார். இந்த வழக்கு லோபாகின் வேடத்தில்தான் தீர வேண்டியிருந்தது. தன் தந்தையும் பாட்டனும் பண்ணையடிமைகளாக இருந்த அதே தோட்டத்தை ஏலத்தில் எடுக்கும் வணிகன் அவன். அவனை வெறும் பேராசைக்காரனாகக் காட்டிவிட்டால், வீட்டை இழப்பவர்கள் தாமாகவே துயர நாயகர்களாகிவிடுவார்கள். ஆகவேதான், அவன் எல்லா வகையிலும் கண்ணியமானவன், தோட்டத்து உரிமையாளரின் வளர்ப்பு மகள் வார்யாவைப் போன்ற பக்தியுள்ள பெண் பணத்தாசை பிடித்த ஒருவனை விரும்பியிருக்க மாட்டாள் என்று ஸ்தனிஸ்லாவ்ஸ்கிக்கு விளக்கி, அவ்வேடத்தை அவரே ஏற்க வேண்டும் என்றும் விரும்பினார். ஒருவனின் குணத்தை அவனை விரும்பும் பெண்ணைக் கொண்டு அளக்கச் சொல்லும் இந்த இடத்தை, நாடகம் எழுத முனையும் இளைஞர்களுக்கு நான் படித்துக் காட்டுவதுண்டு.

ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, உரிமையாளரின் சகோதரரான காயெவ் வேடத்தை எடுத்துக்கொண்டார்; லோபாகின் லியொனீதவ் என்ற நடிகருக்குப் போனது. மனைவி ஓல்கா நிப்பரை வித்தை காட்டும் சார்லத்தாவாகக் காண செகாவ் விரும்பினார்; அவர் நடித்ததோ தோட்டத்து உரிமையாளர் ரனேவ்ஸ்கயாவாக. எல்லா வேடத்திலும் செகாவ் பிடிவாதம் காட்டியதாகவும் சொல்ல முடியாது. ரனேவ்ஸ்கயாவின் மகள் ஆன்யாவுக்கு இளமையும் கணீரென்ற குரலும் இருந்தால் பெயர் தெரியாத நடிகையே போதும் என்றார்.

பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1904 ஜனவரி 17 அன்று, அவருடைய 44ஆம் பிறந்தநாளில், நாடகம் அரங்கேறியது. 12 நிமிடத்தில் முடிய வேண்டிய நான்காம் அங்கம் 40 நிமிடம் இழுக்கப்படுகிறது என்று மார்ச்சிலும், சுவரொட்டிகளில் இதை ஏன் நகைச்சுவை நாடகம் என்று போடுவதில்லை என்று ஏப்ரலிலும் மனைவிக்கு எழுதி வருந்தினார். ஜூலையில் மறைந்தார்.

இயக்குநரின் உரிமையை நான் மறுக்கவில்லை. ஆயினும் லோபாகினாக ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே நின்றிருந்தால் அந்த நான்காம் அங்கம் எத்தனை நிமிடம் ஓடியிருக்கும் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.