துருக்கியின் கொன்யா நகரில் சூஃபி (இஸ்லாமிய மறைஞான மரபு) சுழல் சடங்கைப் பார்க்கப் போகும் பிற மதத்தவர் எதைக் கவனிக்க வேண்டும்?

தாராளமாகப் போகலாம். ஆனால் 'செமா' எனப்படும் இந்தச் சடங்கு நடன நிகழ்ச்சி அல்ல, கவிஞரும் ஞானியுமான ரூமியைப் பின்பற்றும் மெவ்லெவி மரபினரின் வழிபாடு. ரூமி 1273 டிசம்பர் 17 அன்று கொன்யாவில் மறைந்தார். இறைவனோடு கூடிய 'மணநாள் இரவு' என்றே அந்நாளை ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள்.

சீக்கிரமே போய் உட்காருங்கள். நபிகள் புகழ்ப்பாடல், பிறகு நெய் என்னும் நாணல் குழலின் தனி வாசிப்பு, மூன்று சுற்று நடை என எல்லாம் முடிந்துதான் சுழற்சி. சுழல்பவர்களின் கறுப்பு அங்கி கல்லறையைக் குறிக்கும்; வெள்ளை உடை கஃபன் எனும் சவத்துணி, உயரமான கம்பளித் தொப்பி அகந்தையின் நடுகல். அங்கியைக் களைவது மறுபிறப்பு. அந்த ஒரு கணத்தைத் தவறவிடாதீர்கள்.

கால்களைப் பாருங்கள். இடக்கால் அச்சாக ஊன்றியிருக்க, வலக்கால் உந்தித் தள்ளுகிறது. உடல் இடப்பக்கமாகச் சுழல்கிறது. வலது உள்ளங்கை வானை நோக்கி ஏந்தும், இடது மண்ணை நோக்கிக் கொடுக்கும்.

சுழற்சி 'செலாம்' எனப்படும் நான்கு பகுதிகளாக நடக்கும். இடையில் நின்று, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, தோளோடு தோள் சாய்ந்திருப்பார்கள். முடிந்துவிட்டதென்று பலர் கைதட்டுவது அங்கேதான், தட்டக் கூடாது. ஃபிளாஷும் வேண்டாம், சுழல்பவரின் நிலை தடுமாறும். இறுதியில் குர்ஆன் ஓதும்போது அமைதியாக இருந்தால் போதும். நீங்களும் ஓத வேண்டியதில்லை.